நிலையும் நிலையாமையும்

சென்னையில் பன்னிரண்டு மாடிக் கட்டடம் ஒன்றின் எட்டாம் மாடியில் வீடு வாங்கிக் குடியேறிய என் நண்பர் ஒருவர், அதன் வெள்ளைச் சுவர்களைப் பார்த்துப் பார்த்து மனம் சலித்து, வீட்டு அலங்காரத்தையே ஜீவனோபாயமாகக் கொண்ட ஓர் இளைஞரின் யோசனைப்படி காரைக்குடிக்குப் போய், முனீஸ்வரன் கோயில் தெருவில் பழஞ்சாமான் கடை ஒன்றிலிருந்து செட்டிநாட்டு வீட்டு நிலை ஒன்றையும் அதன் கதவையும் வாங்கி வந்தார். முகப்பு நிலையன்று, அதை நிறுத்த இந்தக் காலத்து மாடிவீட்டின் உயரம் போதாது. முகப்பைக் கடந்து வளவுக்குள் காலெடுத்து வைக்கும் இடத்தில் நின்ற இரண்டாம் நிலை அது. மேற்குறுக்குச் சட்டத்தில் இரு யானைகள் நீர் சொரியக் கஜலக்ஷ்மி வீற்றிருக்கிறாள். அந்த நிலை இப்போது நண்பர் வீட்டுக் கூடத்தில் ஆளுயரக் கண்ணாடிக்குச் சட்டமாகியிருக்கிறது. கதவின் இரண்டு பலகைகளும் படுக்கவைக்கப்பட்டு, மேலே கனத்த கண்ணாடி பரப்பப்பெற்று, ஆறு பேர் அமர்ந்துண்ணும் மேசையாகியிருக்கின்றன.

வந்தவர்கள் எல்லோரும் வியந்தார்கள். நண்பரின் தாயார் மட்டும் அந்த மேசையில் உண்ண மறுத்துவிட்டார்.

“நின்ன கதவைப் படுக்க வெச்சுட்டியேடா. வாசப்படியில உட்கார்ந்தாலே எங்கம்மா அடிப்பா. நீ வாசலையே பேர்த்துண்டு வந்து அதுமேல சாதம் போடச் சொல்றே” என்றார். அதோடு நில்லாமல், வெள்ளிக்கிழமைதோறும் ஸ்நானம் செய்துவிட்டு வந்து, கண்ணாடிச் சட்டத்தின் உச்சியிலிருக்கும் கஜலக்ஷ்மிக்கு முக்காலி போட்டு ஏறி மஞ்சளும் குங்குமமும் இட்டார். தேக்கின் மெருகு கறைபடுகிறதே என்று சனிக்கிழமை காலையில் மருமகள் அதைத் துடைத்தார். இருவரும் இதைப்பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை என்பதுதான் நண்பருக்குப் பெரிய பயமாக இருந்தது. “நீங்களே சொல்லுங்கள், சார். இதில் தோஷம் ஏதாவது உண்டா?” என்று என்னைக் கேட்டார்.

நான் சாஸ்திரம் கற்றவன் அல்லன். தோஷத்துக்கும் பரிகாரத்துக்கும் வேறு ஆட்கள் இருக்கிறார்கள். ஆனால் அந்த அம்மையார் எழுப்பிய வினா, பஞ்சாங்கத்தைப் புரட்டி விடை கண்டுவிடும் வினாவாக எனக்குத் தோன்றவில்லை. ஒரு பொருளைப் புனிதமாக்குவது அந்தப் பொருளா, அது நின்ற இடமா, அதைத் தொட்டுக் கும்பிட்ட கையா? இடத்தையும் கையையும் விட்டுப் பிரிந்து வந்த பொருளை நாம் அலங்காரம் என்று அழைக்கும்போது, அந்தச் சொல்லுக்குப் பொருள் என்ன மிச்சமிருக்கிறது?

அந்த நிலை எப்படிச் சந்தைக்கு வந்தது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். ஏனெனில் அலங்காரத்தைப்பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள். 1852-ஆம் ஆண்டு யுத்தத்துக்குப் பின் கீழ்ப் பர்மா ஆங்கிலேயர் வசமானதும், 1869-இல் சூயஸ் கால்வாய் திறந்து ஐரோப்பாவுக்குக் கப்பல் வழி குறுகியதும், ஐராவதியின் சதுப்பு நிலங்களை வயலாக்கிய உழவனுக்குக் கடன் கொடுக்க ஒருவர் வேண்டியிருந்ததும் ஒன்றுசேர, நாட்டுக்கோட்டை நகரத்தார் அங்கே லேவாதேவி நடத்திச் செல்வம் ஈட்டினார்கள். ஈட்டிய செல்வத்தை மழை குறைந்த, செம்மண்ணும் முள்ளும் நிறைந்த தம் ஊர்களுக்கே கொண்டுவந்து வீடாக நிறுத்தினார்கள். பர்மாத் தேக்கு தூணாயிற்று. இத்தாலியச் சலவைக்கல் தரையாயிற்று. பெல்ஜியத்துக் கண்ணாடி சுவரேறியது. ஒரு தெருவில் முகப்பு, அடுத்த தெருவில் பின்கட்டு என்னும்படி நீண்ட அவ்வீடுகளில், வளவின் முற்றத்தைச் சுற்றி, மணமான ஒவ்வொரு மகனுக்கும் ஒவ்வோர் அறை. வீடு ஒன்றாயிருந்தாலும் உலை வேறு. கோயில் வரிக்கு ஒவ்வொரு குடும்பமும் தனிப் புள்ளி.

பிறகு, 1930-களின் உலகப் பொருளாதார வீழ்ச்சியில் கடன் வாங்கியவன் நெல் விலை சரிந்து நிலத்தைக் கொடுத்தான். 1942-இல் ஜப்பானியர் வந்தபோது நிலத்தை விட்டு ஓடிவர நேர்ந்தது. 1948-இல் சுதந்திர பர்மா நிலத்தைத் தேசவுடைமையாக்கச் சட்டம் இயற்றியது. இக்கரையில் வீடு மட்டும் நின்றது. மூன்று தலைமுறையில் ஒரு வீட்டுக்கு நாற்பது, ஐம்பது பங்காளிகள் என்று பெருகி, சென்னையிலும் கோலாலம்பூரிலும் அமெரிக்காவிலுமாகச் சிதறினார்கள். ஓடு மாற்ற வேண்டுமென்றால் அத்தனை பேரும் பணம் போட வேண்டும். ஒருவர் சம்மதிக்காவிட்டாலும் ஒன்றும் நடவாது. அத்தனை பேருக்கும் பொதுவான வீட்டைப் பங்கு போட முடியாது. ஆனால் தூணைப் போடலாம், நிலையைப் போடலாம், ஜாடியைப் போடலாம். கடைத் தெருவில் நாம் காணும் அழகெல்லாம் பாகப்பிரிவினையின் மிச்சம். வாங்குகிறவரையோ விற்கிறவரையோ குறைகூற எனக்கு வாயில்லை. ஒழுகும் கூரையின்கீழ் இற்றுப்போவதைவிட எட்டாம் மாடியில் மெருகேறி நிற்பது தேக்குக்குக் கேடில்லை என்று வாதிக்கவும் இடமுண்டு.

அவ்வீடுகளில் அலங்காரம் என்பது என்னவாக இருந்தது என்று பார்த்தால், இன்றைக்கு நாம் அந்தச் சொல்லால் குறிப்பதற்கும் அதற்கும் உள்ள தூரம் விளங்கும். நிலையை எடுத்துக்கொள்வோம். அதைச் செதுக்கி முடித்த ஆசாரிக்குப் புதுவேட்டியும் தக்ஷிணையும் கொடுத்து, நல்ல நாள் பார்த்து, குழியில் நவதானியமும் பொற்காசும் இட்டு, சுமங்கலிகள் மஞ்சள் குங்குமமிட, மாவிலைத் தோரணம் கட்டி அதை நிறுத்தினார்கள். சுவர் பிறகுதான் அதைச் சூழ்ந்து எழுந்தது. கஜலக்ஷ்மி அழகுக்காக அங்கே உட்காரவில்லை. உள்ளே வருகிறவளை முன்னதாகவே உட்கார்த்தி வைத்த ஏற்பாடு அது. படியை மிதிக்காமல் தாண்டியவர்கள், தாண்டுமுன் ஒரு கணம் தலை குனிந்தார்கள். நிலையின் வேலைப்பாடு அந்த ஒரு கணத்துக்காக ஏற்பட்டது.

தரையையும் இப்படியே சொல்லலாம். ஆத்தங்குடிக் கல்லைச் செய்வதைப் பார்த்தவர்களுக்கு அதில் ஒரு வேதாந்தமே தெரியும். தட்டையான கண்ணாடித் துண்டின்மேல் இரும்புச் சட்டத்தை வைத்து, பூவும் கொடியுமாக வளைத்த தகட்டு அச்சை அதற்குள் இறக்கி, ஒவ்வொரு கண்ணிலும் ஒவ்வொரு நிறச் சிமெண்டுக் குழம்பை ஊற்றி, அச்சைத் தூக்கிவிட்டு, பின்னால் மணலும் சிமெண்டும் இட்டு அமுக்கி, இறுகியபின் நீரில் ஊறப்போடுகிறார்கள். சூளையில் சுடுவதில்லை. கண்ணாடியை விட்டுக் கல் பிரியும்போது கண்ணாடியின் வழவழப்பு கல்லின் முகத்தில் தங்கிவிடுகிறது. ஆயினும் அது முழு மெருகன்று. பல வருஷம் வெறுங்கால்கள் நடந்து, தேங்காயெண்ணெய் தோய்ந்த துணியால் துடைத்துத் துடைத்துத்தான் அந்தத் தரை கண்ணாடியாகும். தரையைப் பூர்த்தி செய்வது அதன்மேல் வாழ்கிறவரின் பாதம்.

சுண்ணாம்பும் முட்டையின் வெள்ளைக்கருவும் கடுக்காய்ச் சாறும் சேர்த்துப் பல பூச்சாகப் பூசி, கூழாங்கல்லால் தேய்த்து மெருகேற்றிய சுவர்களைப்பற்றி நிரம்பப் பேசிவிட்டார்கள், நான் விட்டுவிடுகிறேன். சுவரில் தொங்கிய படங்களைப்பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ரவிவர்மா 1894-இல் பம்பாயில் தொடங்கிய அச்சகத்திலிருந்து வந்த லக்ஷ்மி, சரஸ்வதி படங்களை அப்படியே மாட்டிவிடாமல், வீட்டுப் பெண்கள் அவற்றின்மேல் சரிகையும் ஜிகினாவும் மணியும் தைத்து, காகிதத்து அம்மனுக்கு மெய்யான புடைவை உடுத்தினார்கள். கலை விமரிசகர்கள் இதைக் கண்டு முகஞ்சுளிப்பதுண்டு. அச்சிட்ட படத்தை அவர்கள் முழுமையான பொருளாகக் கருதுகிறார்கள். அந்தப் பெண்களோ, உடுத்தாத தெய்வத்தைக் குறைப்பட்ட தெய்வமாகக் கருதினார்கள்.

இந்த இடத்தில்தான் அலங்காரம் என்னும் வடசொல் தன் வயிற்றைத் திறந்து காட்டுகிறது. ‘அலம்’ என்றால் போதும், நிறைந்தது என்று பொருள். அலங்காரம் என்பது ஒன்றைப் போதுமானதாக ஆக்குதல். மேலே ஒட்டுவதன்று, எதற்காக அப்பொருள் உண்டாயிற்றோ அதற்கு அதனைத் தகுதியாக்குவது. போர்வீரனுக்கு ஆயுதம் அலங்காரம். ஸ்வாமி வீதியில் எழுந்தருளுவதற்குத் திருவாபரணம் அலங்காரம். திருமால் அலங்காரப் பிரியர், சிவபெருமான் அபிஷேகப் பிரியர் என்று நம் வீடுகளில் வழங்கும் வசனத்தில், அலங்காரம் அபிஷேகத்தோடு ஒரு தட்டில் வைக்கப்பட்டிருப்பதைக் கவனிக்க வேண்டும். அதாவது அதுவும் ஒரு கிரியை.

1939-ஆம் ஆண்டில் ஆங்கிலத்தில் எழுதிய ஒரு கட்டுரையில், ஆபரணத்தையும் அலங்காரத்தையும் குறிக்கும் சொற்கள் வடமொழியிலும் கிரேக்கத்திலும் ஆதியில் பொருளின் நிறைவையே குறித்தன என்றும், மிகைப்பட்ட அழகு என்னும் கருத்து பின்னால் வந்து சேர்ந்ததென்றும் நிறுவியவர் ஆனந்த குமாரசாமி. கொழும்பில் 1877-இல் தமிழ்த் தந்தைக்கும் ஆங்கிலத் தாய்க்கும் பிறந்த அவருடைய வாழ்க்கையில், நம் நண்பரின் வினாவோடு நேரே மோதும் சம்பவம் ஒன்று உண்டு. இங்கிலாந்தில் கிளாஸ்டர்ஷயரைச் சேர்ந்த பிராட் கேம்டன் என்ற சிற்றூரில், பன்னிரண்டாம் நூற்றாண்டில் நார்மானியர் காலத்தில் கட்டிய சிறு கிறிஸ்தவ ஆலயம் ஒன்று வழிபாடு ஒழிந்து பாழாய்க் கிடந்தது. கைத்தொழில் இயக்கத்தின் தலைவர்களில் ஒருவரும், 1902-இல் தம் கைவினைஞர் சங்கத்தையே லண்டனிலிருந்து அந்த வட்டாரத்துக்குப் பெயர்த்து வந்தவருமான ஆஷ்பீ என்ற கட்டடக்கலைஞர், 1905 முதல் 1907 வரை அதைப் பழுதுபார்த்து, புதுக் கட்டும் சேர்த்து, குமாரசாமிக்கு வீடாக்கிக் கொடுத்தார். அவ்வியக்கத்தின் முன்னோடியான வில்லியம் மாரிஸ், ஆங்கிலக் கவி சாஸருடைய நூல்களின் புகழ்பெற்ற பதிப்பை அச்சிட்ட அதே யந்திரத்தில்தான், மத்தியகாலச் சிங்களக் கலையைப்பற்றிய குமாரசாமியின் பெருநூல் அச்சேறி 1908-இல் 425 பிரதிகளாக வெளிவந்தது.

ஆக, பொருள் தன் பிரயோஜனத்திலிருந்து பிரிக்கப்படுவதே கலையின் மரணம் என்று வாழ்நாளெல்லாம் வாதித்தவர், தொழுகை நின்றுபோன கோயிலொன்றைக் குடியிருப்பாக்கி, தொழுவோர் நின்ற இடத்தில் புத்தகம் படித்தார். அதுமட்டுமன்று: 1917 முதல் 1947-இல் இறக்கும்வரை பாஸ்டன் பொருட்காட்சி சாலையில், கோயில்களையும் வீடுகளையும் விட்டு வந்த விக்கிரகங்களைக் காப்பதையே உத்தியோகமாகக் கொண்டிருந்தார். கலைப்பொருள்களைக் காட்சிக்கு வைப்பதெதற்கு என்று தலைப்பிலேயே வினவும் நூலை 1943-இல் வெளியிட்டதும் அந்தக் காட்சிசாலையில் இருந்துகொண்டுதான். இதை முரண்பாடென்று சுட்டிச் சிரிப்பது எளிது. பாழடைந்த ஆலயத்தை மீண்டும் வழிபாட்டுக்குக் கொண்டுவர அவரால் முடியாது. இடிந்து போக விடலாம், அல்லது வாழலாம். அவர் வாழ்ந்தார். வாழ்ந்த இடத்தில் ஒரு நூல் பிறந்தது. அந்தச் சுவர்களுக்கு அது அபசாரமென்று எனக்குத் தோன்றவில்லை.

அவர் காலத்திலேயே வியன்னா நகரில் அடால்ஃப் லூஸ் என்ற கட்டடக்கலைஞர், நவீன மனிதனுக்கு அலங்காரம் குற்றமென்று முழங்கினார். அந்த முழக்கம் உலகெங்கும் வெள்ளைச் சுவராக எழுந்து எட்டாம் மாடிவரை வந்துவிட்டது. அச்சுவர்களுக்குள் குடியிருந்து தண்டனை அனுபவித்து முடித்தவர்கள்தாம் இப்போது காரைக்குடிக்கு ரயிலேறுகிறார்கள்.

இனி, புனிதம் பொருளிலா கையிலா என்ற வினா. இதற்குத் திருமூலர் மரத்தாலான யானையைக் காட்டி விடை சொல்லியிருக்கிறார் என்று நம்மவர்கள் உடனே சொல்வார்கள். குழந்தைக்கு யானை தெரிகிறது, மரம் மறைகிறது. தச்சனுக்கு மரம் தெரிகிறது, யானை மறைகிறது. நாமரூபம் விலகினால் மரமே மிஞ்சும். அவ்வாறே உலகம் விலகினால் பரம் மிஞ்சும். கஜலக்ஷ்மியோடு இரண்டு யானைகளும் செதுக்கிய தேக்கு நிலையின்முன் நின்றுகொண்டு இதை நினைக்கும்போது, எனக்கு ஒரு சங்கடம் வந்தது. பழஞ்சாமான் கடைக்காரருக்கும் மரந்தான் தெரிகிறது. இது பர்மா மரம், இத்தனை கன அடி, இன்ன விலை என்று அவர் விரலால் தட்டிச் சொல்லும்போது யானையும் இல்லை, லக்ஷ்மியும் இல்லை. அவர் ஞானியா? யானையைக் கண்டு, கண்ட பின் கடந்து, மரத்தை அடைந்தவருக்கே திருமூலரின் மரம். யானையை ஒருநாளும் காணாதவருக்கு அது வெறும் சரக்கு. மரம் மட்டுமே தெரிவது பரிபக்குவத்தின் முடிவிலும் உண்டு, வியாபாரத்தின் தொடக்கத்திலும் உண்டு. இரண்டுக்கும் வெளித்தோற்றம் ஒன்றாயிருப்பதுதான் ஆபத்து. நண்பரின் தாயாருக்கு யானை தெரிகிறது. மருமகளுக்கு யானையின்மேல் உள்ள மெருகு தெரிகிறது. இவ்வளவும் ஒரே சட்டத்தில்.

தெய்வத்தன்மை பொருளைவிட்டு நீங்காது என்பது நம் ஆகமங்களின் கொள்கையுமன்று. கோயிலில் திருப்பணி தொடங்குமுன், மூலமூர்த்தியிடமுள்ள தெய்வசக்தியாகிய கலையை மந்திரபூர்வமாகக் கும்பத்து நீருக்கு இறக்கி, பாலாலயத்தில் அத்திப் பலகையில் எழுந்தருளச் செய்கிறார்கள். கலாகர்ஷணம் என்று அதற்குப் பெயர். அது நடந்தபின்தான் சந்நிதியில் உளி படலாம். சதுர்த்தியன்று பிராணப் பிரதிஷ்டை செய்த களிமண் பிள்ளையாரை, புனர்பூஜை செய்து வடக்கே சற்று நகர்த்திவிட்டு, நீரில் கரைக்கிறோம். விஜயதசமி இரவு ஒரு பொம்மையைப் படுக்க வைத்துவிட்டே கொலுப் படியைக் கலைக்கிறோம். வரவழைக்கத் தெரிந்த சமயம், வழியனுப்பவும் தெரிந்து வைத்திருக்கிறது. வந்த விருந்தினரை வாசல்வரை கொண்டுபோய் விடாவிட்டால் வரவேற்றதும் பொய்யாகிவிடும் என்ற இங்கிதம் தெய்வத்துக்கும் உண்டு.

குடியிருக்கும் வீட்டின் நிலையை நிறுத்தும்போது அத்தனை சடங்கு. பெயர்க்கும்போது கடப்பாரை மட்டுமே வருகிறது. அந்த அம்மையார் மேசையருகே கண்டது தோஷமன்று, விடைபெறாமல் வந்துவிட்ட ஒன்றின் சங்கடம் என்பது என் அபிப்பிராயம்.

விடைபெறாமல் கடல் கடந்தவையும் உண்டு. 1912-இல் மதுரைக்கு வந்த அடிலைன் பெப்பர் கிப்ஸன் என்ற பிலடெல்பியா மாது, அங்கே கோயிலொன்றைச் சேர்ந்த தூண்களும் சிற்பங்களுமாக அறுபதுக்கும் மேற்பட்ட கருங்கற்களை வாங்கிக் கப்பலேற்றினார். 1919-இல் அவர் காலமானபின் குடும்பத்தார் அவர் நினைவாக அவற்றைப் பிலடெல்பியாக் கலைக்கூடத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். இன்று மதுரைத் தூண் மண்டபமொன்று அமெரிக்கக் கட்டடத்துக்குள்ளே, அடுத்தடுத்த அறைகளில் வேறு வேறு தேசத்து வாசல்களோடு நின்றுகொண்டிருக்கிறது. மண்டபம் இருக்கிறது, பிராகாரம் இல்லை. தூண் இருக்கிறது, தூணில் சாய்ந்து பிரசாதம் தின்கிற பிள்ளை இல்லை. ஆனாலும் அங்கே போய்வந்த தமிழர்கள் சிலர், யாரும் சொல்லாமலே கை கூப்பிவிட்டதாகச் சொல்லக் கேட்டிருக்கிறேன். வழியனுப்பாமல் போனாலும், போன இடத்தில் கும்பிடு தேடி வருகிறது போலும்.

வீட்டுக்கே திரும்புவோம். ஈசாவாஸ்ய உபநிஷத்தின் முதற்சொல்லில் வரும் ‘வாஸ்யம்’ என்பதற்கு இரண்டு பொருள் உண்டு. வசிக்கத்தக்கது என்றும் கொள்ளலாம்; உடுத்தத்தக்கது, போர்த்தத்தக்கது என்றும் கொள்ளலாம். சங்கரர் பின்னதைக் கொண்டு, உலகனைத்தையும் ஈசனால் மூட வேண்டுமென்று உரை செய்தார். குடியிருப்பதும் உடுத்துவதும் ஒரே தாதுவின் சாயல் பெற்றிருக்கும் மொழியில், வீட்டை அலங்கரிப்பதென்பது அற்பமான லௌகிகமாகிவிட முடியாது. தமிழில் வேறொரு விநோதம்: ‘இல்’ என்ற எழுத்துக் கூட்டே வீட்டையும் குறிக்கிறது, இன்மையையும் குறிக்கிறது. இரண்டும் ஒரு வேரினவா என்ற ஆராய்ச்சியைப் புலவர்களுக்கு விட்டுவிடுகிறேன். மனையின் நடுவே பிரம்மஸ்தானத்தில் தூணும் சுவரும் கூடாதென்று வாஸ்து சாஸ்திரம் விலக்க, அந்த விலக்கைச் சுற்றியே செட்டிநாட்டு வளவு முழுவதும் கட்டப்பட்டிருக்கிறது. வெயிலும் மழையும் நிலாவும் இறங்கிவரும் அந்த வெற்றிடமே வீட்டின் தலையாய அலங்காரம். அதற்கு விலைச்சீட்டு ஒட்டிக் கடையில் வைக்க இயலாது.

பழைய வீட்டில் குடியிருக்கிறவர்கள், அல்லது பழைய கட்டடத்தை வாங்கிப் புதுக்குகிறவர்கள், என்னிடம் யோசனை கேட்டால் முதலில் இந்த முற்றத்துக்குத் தகரமோ பிளாஸ்டிக்கோ போட்டு மூடாதிருக்கும்படி கெஞ்சுவேன். இரண்டாவது, சுண்ணாம்புச் சுவரின்மேல் பிளாஸ்டிக் பெயிண்டு அடிக்கலாகாது. சுண்ணாம்பு ஈரத்தை வாங்கி ஈரத்தை விடும் இயல்புடையது. மூச்சுவிடும் சுவருக்கு மூக்கைப் பொத்தினால், ஈரம் உள்ளேயே தங்கி, இரண்டு மழைக்குள் பூச்சு தோல் உரிந்து தொங்கும். இங்கிலாந்தில் மாரிஸும் அவர் தோழர்களும் 1877-இல் பழங்கட்டடங்களைக் காக்கச் சங்கம் அமைத்தபோது, பழசைச் சுரண்டிப் புதுசாக்குவதைத்தான் முதற் பகையாகக் கருதினார்கள். நம் ஊர்க் கோயில் தூண்களைப் பீறிட்ட மணலால் அடித்துச் சுத்தம் செய்த காலத்தில் அவர்களில் ஒருவர் இங்கே இருந்திருக்கலாம் என்று நினைத்ததுண்டு.

மற்ற விஷயங்களில் எனக்கு அவ்வளவு கண்டிப்பில்லை. பாயசம் கிண்டிய வெண்கல உருளியில் நீர் நிரப்பிப் பூ மிதக்க விடுகிறார்கள். விடட்டும், அடுப்பில் வெந்ததற்கு ஓய்வு. அம்மி வாசல் திண்ணையருகே உட்கார்ந்திருக்கிறது, பாதகமில்லை. ஆனால் வாசற்படிக்கு முன்னால் அழியாத கோலத்தை அச்சடித்து ஒட்டும் வழக்கத்தை என்னால் மன்னிக்க முடியவில்லை. எறும்புக்கு இரையாகி, செருப்புக்கு இடம் கொடுத்து, மாலைக்குள் மறைந்து, மறுநாள் ஒருத்தி குனிவதற்குக் காரணமாவதே கோலம். அழியாத கோலத்தின் முன் ஒருவரும் குனிய வேண்டியதில்லை. அலம் என்னும் நிறைவு அன்றாடம் செய்து அன்றாடம் தீர வேண்டிய நிறைவு என்பதை அரிசி மாவு அறிந்திருக்கிறது, பிளாஸ்டிக் அறியவில்லை.

இவ்வளவையும் நண்பரிடம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அப்படியானால் இப்போது என்ன செய்வது?” என்றார். தத்துவம் பேசுகிறவர்களுக்கு இந்த வினா எப்போதும் சங்கடமானது. வந்த இடத்தைப் போய்ப் பார்ப்போம் என்றேன்.

கடைக்காரர் ஊரைச் சொன்னார். ஊர்ப் பெயரை இங்கே சொல்ல வேண்டியதில்லை. தெரு முழுவதும் பூட்டிய வீடுகள். கூரையில் ஆலங்கன்று முளைத்தவை சில. அந்த வீட்டின் பின்கட்டில் மட்டும் வயது முதிர்ந்த ஆச்சி ஒருவர் துணைக்கு ஒரு பெண்ணோடு இருந்தார். முகப்பைக் கடந்ததும் வளவுக்குள் நுழையும் இடத்தில், நிலையைப் பெயர்த்த வாய் பூசப்படாத செங்கல்லாய்ப் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. அதைக் கடக்கும்போது நண்பர் தம்மையறியாமல் குனிந்தார்.

“வாங்க தம்பி, இருங்க. எங்கேயிருந்து வர்றீக?” என்று ஆச்சி கேட்டார். மோர் வந்தது. நண்பர் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னார். மேசை என்ற இடத்தில் குரல் தாழ்ந்தது.

ஆச்சி சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “நெதம் சாப்பிடுறாகளா அதுல?” என்றார்.

“சாப்பிடுகிறோம், ஆச்சி. அம்மா மட்டும்...”

“எத்தனை பேரு?”

“நாலு பேர். விருந்தாளி வந்தால் ஆறு.”

“இங்கே பதினெட்டு வருஷமா அந்தக் கதவைத் தொறக்க ஆளில்லை” என்றார் ஆச்சி. “பிள்ளையார் நோன்புக்கு இழை எடுத்துக்கக்கூட ஊருக்கு ஒருத்தரும் வரலே. வாச நெலைக்கு மனுசர் வேணும், தம்பி. படுத்தா என்ன, நின்னா என்ன?”

நாங்கள் எழுந்தபோது இருக்கச் சொல்லிவிட்டு அறைக்குள் போனார். ஒரு சாண் நீளமுள்ள இரும்புச் சாவியொன்றை முந்தானையில் துடைத்துக்கொண்டே வந்தார். விற்றவர்கள் கதவோடு இதைக் கொடுக்க மறந்துவிட்டார்களாம். “பூட்டு அங்கே இருக்கையிலே சாவி இங்கே என்னத்துக்கு? கொண்டுபோய் அம்மாகிட்டே குடுங்க” என்று, சாவிக்கு ஒரு குங்குமப் பொட்டும் இட்டு, இரண்டு கையாலும் நண்பரிடம் கொடுத்தார்.

அந்தச் சாவி இப்போது எட்டாம் மாடியில் பூஜையலமாரியில், குங்குமச் சிமிழுக்குப் பக்கத்தில் இருக்கிறது. தாயார் மேசையில் உண்கிறார், இலை போட்டுத்தான். அலங்கார இளைஞர் ஒருநாள் வந்து அந்தச் சாவியைப் பார்த்துப் பரவசப்பட்டு, கறுப்பு வெல்வெட்டில் பதித்து நிலைக்குப் பக்கத்துச் சுவரில் மாட்டினால் பிரமாதமாக இருக்கும் என்று வற்புறுத்தினாராம். அம்மையார் இன்னும் சம்மதிக்கவில்லை.